புழுவைக் கழுவினால் சாட்சியும் போகும்

காலனிப் பிள்ளை ஒருவர் காணாமல் போகிறார். நாலைந்து நாள் கழித்து ஏரிக்கரைச் சீமைக்கருவேலம் புதரிலோ, பாழுங்கிணற்றிலோ, தண்டவாள ஓரத்திலோ உடலாகக் கிடைக்கிறார். அப்போது நாம் எழுப்பும் கேள்வி ‘எப்படிச் செத்தார்?’ என்பதுதான். அதற்காகச் சாலை மறியல் செய்கிறோம், உடலை வாங்க மறுக்கிறோம், மறு உடற்கூராய்வு கேட்டு உயர் நீதிமன்றம் வரை போகிறோம். அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு கேள்வியை மட்டும் கேட்காமலே விட்டுவிடுகிறோம். ‘எப்போது செத்தார்?’ என்பதே அந்தக் கேள்வி.

சாதிய வன்கொடுமை வழக்குகளில் பாதி வழக்கு இந்த ‘எப்போது’ என்பதில்தான் நிற்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர், “அன்று நான் ஊரிலேயே இல்லை, உறவினர் கல்யாணத்தில் இருந்தேன்” என்பார். எந்த அன்று? காணாமல் போன அன்றா, மூன்றாம் நாளா? கடத்தப்பட்டவர் இரண்டு நாள் உயிரோடு அடைத்து வைக்கப்பட்டிருந்தாரா? முதல் நாளே பெற்றோர் கொடுத்த புகாரைக் காவல் நிலையம் வாங்கித் தேடியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா? இவற்றுக்கெல்லாம் பதில், இறந்த நேரம் தெரிந்தால்தான் கிடைக்கும்.

அரியலூர் மாவட்டத்தில் 2016 டிசம்பர் கடைசியில் 17 வயது தலித் சிறுமி ஒருவர் காணாமல் போனார். 2017 பொங்கல் நாளில் கிணற்றிலிருந்து அழுகிய நிலையில் அவர் உடல் மீட்கப்பட்டது. இரண்டு வாரத்துக்கும் மேல். காவல்துறை உடனே தேடவில்லை என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு நாளும் சட்டப்படி ஒரு பொருள் உள்ள நாள். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியர், அவர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சாராதவராக இருந்தால், 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்கிறது. தாமதத்தால் என்ன போனது என்று காட்டுவதற்கும் இறந்த நேரம் வேண்டும்.

உடல் கிடைத்தது ஓரிரு நாளுக்குள் என்றால், உடம்பின் சூடு, விறைப்பு, தோலின் நிறம் இவற்றைப் பார்த்து மருத்துவர் நேரம் சொல்லிவிடுவார். மூன்று நாள் தாண்டிவிட்டால் அந்த அடையாளங்கள் கைகொடுக்காது. அதற்கு மேல் நாள் கணக்குச் சொல்லக்கூடியவை அந்த உடலில் இருக்கும் ஈயும் புழுவும்தான். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிற அந்தப் புழுதான் நமக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி.

பிறழாத சாட்சி

நம் வழக்குகள் எங்கே தோற்கின்றன என்பது ஊருக்கே தெரியும். கண்ணால் கண்டவர் கூண்டில் ஏறி, “நான் பார்க்கவில்லை” என்பார். கூலியும், குடியிருக்கும் இடமும், உயிர் பயமும் அவரை அப்படிச் சொல்ல வைக்கும். கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்சாட்சி ஆன பிறகும் வழக்கு நின்றதற்குக் காரணம், திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா. 2015 ஜூனில் நடந்த அந்தக் கொலைக்கு 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கேமராவுக்குச் சாதி தெரியாது, மிரட்டினாலும் மாற்றிச் சொல்லாது.

கோயிலில் கேமரா இருக்கும். பாலாற்றங்கரையிலும் ஏரி உள்வாயிலும் கேமரா கிடையாது. அங்கே ஈ இருக்கும். உடல் வெளியில் கிடந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், சமயத்தில் சில நிமிடத்திலேயே ஈ வந்து கண், மூக்கு, வாய், காயம் ஆகிய இடங்களில் முட்டையிடும். அந்த நொடியிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

புழுவின் கணக்கு

இந்தக் கணக்கைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. நம் தறிகளுக்கு வரும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வந்தாலும், பட்டுப்புழுவின் கதை இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி. புழு நான்கு முறை தோலுரிக்கும். புழுவைப் பார்த்த மாத்திரத்தில் அது எத்தனையாவது பருவம், எத்தனை நாள் வயது என்று வளர்ப்பவர் சொல்லிவிடுவார். குளிர் கூடினால் நாள் நீளும், சூடு கூடினால் குறையும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஈயின் புழுவும் அப்படித்தான். அது இரண்டு முறை தோலுரிக்கும், மூன்று பருவம். நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரியும். முட்டையிலிருந்து ஈயாகப் பறப்பதற்கு ஏறக்குறைய பத்து நாள் ஆகும். ஆனால் எல்லா ஈக்கும் ஒரே கணக்கு இல்லை. பச்சையும் நீலமுமாக மின்னும் ஈக்களிலேயே பல இனம் உண்டு. நம் பகுதியில் அதிகம் காணப்படுபவை கிரைசோமியா மெகாசெபாலா, கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் என்னும் இரண்டும். முதலாவதன் புழு வழவழப்பானது. இரண்டாவதன் புழு முள் முள்ளாக இருக்கும். மற்றப் புழுக்களையே தின்னவும் செய்யும். இரண்டும் வளரும் வேகம் வேறு. எந்த இனம் என்று தெரியாமல் நாள் கணக்கிட்டால் கணக்கே தப்பிவிடும். அதனால்தான் பூச்சியை முறையாக எடுத்து, அடையாளம் காண்பதற்கு ஏற்றபடி பதப்படுத்துவது முதல் வேலையாகிறது.

சீசாவும் பென்சிலும்

இதற்குக் கோடி ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம். செய்முறை இதுதான்.

கண்ணில் எடுத்த புழு ஒரு சீசாவில், மார்பில் எடுத்த புழு வேறொரு சீசாவில் என்று இடவாரியாகப் பிரித்து எடுக்க வேண்டும். ஈ முதலில் தேடுவது கண், மூக்கு, வாய் போன்ற திறப்புகளையும் காயங்களையும்தான். உள்ளங்கையிலோ முன்கையிலோ புழு மிகுந்து மொய்த்திருந்தால், அங்கே ஒரு காயம் இருந்திருக்கலாம், தடுக்கக் கை நீட்டியிருக்கலாம் என்று மருத்துவர் தேட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால் இந்தத் தடயம் போய்விடும். முள்புழு மற்றவற்றைத் தின்றும் தீர்த்துவிடும்.

இருப்பதிலேயே பெரிய புழுவைத் தேடி எடுக்க வேண்டும். அதுதான் வயதில் மூத்தது. முற்றிய புழு உடலை விட்டு இறங்கி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். ஆகவே உடலைத் தூக்கியதோடு வேலை முடிவதில்லை. சுற்றிலும் சில அடி தூரம் மேல்மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக, பழுப்பு நிறத்தில் கிடக்கும் கூடுகளையும், ஈ பறந்துபோன வெற்றுக் கூடுகளையும் எடுக்க வேண்டும். வெற்றுக் கூடு ஒன்று கிடைத்தாலே ஒரு முழுத் தலைமுறை முடிந்துவிட்டது என்று பொருள்.

எடுத்த புழுவை இரண்டு பங்காக்க வேண்டும். ஒரு பங்கைக் கொதிக்கவிட்டு இறக்கிய வெந்நீரில், ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் உள்ள சூட்டில், அரை நிமிடம் இட்டுப் பிறகு 80 சதவீத எத்தனாலில் போட வேண்டும். உயிரோடு நேராக எத்தனாலில் போட்டால் புழு சுருங்கிக் கருத்துவிடும். நீளத்தை அளந்துதான் வயது சொல்கிறார்கள். சுருங்கிய புழு உண்மை வயதைவிட இளையதாகத் தெரியும். ஒரு நாள் குறைந்தால் ஒரு குற்றவாளி தப்பலாம், ஒரு நிரபராதி மாட்டலாம். பட்டு நூலுக்காகக் கூட்டை வெந்நீரில் போடுவது நமக்குத் தெரியும். இங்கே காலத்தைக் காப்பதற்காகப் புழுவை வெந்நீரில் போடுகிறார்கள்.

மற்றப் பங்கை உயிரோடு, ஒரு துண்டு ஈரலும் சற்று ஈர மணலும் இட்ட டப்பாவில், வாயைத் துணியால் கட்டி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை ஈயாகும் வரை வளர்ப்பார்கள். புழுவாக இருக்கும்போது இனம் பிரிப்பது கடினம். ஈயாகிவிட்டால் தெளிவாகத் தெரியும். அந்த ஈயை ஊசியில் குத்தி வைப்பதிலும் ஒரு முறை உண்டு. நடு முதுகில் குத்தாமல் சற்று வலப்பக்கம் தள்ளிக் குத்துவார்கள். இனம் காட்டும் மயிர்க்கால்கள் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பவை. ஒரு பக்கம் சேதமானாலும் மறு பக்கம் முழுதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி.

வெந்நீரில் கொன்ற புழுவின் வால்முனையை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தெளிவாக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அங்கே மூச்சுத் துளைகளில் கீற்றுகள் தெரியும். இரண்டு கீற்று இருந்தால் இரண்டாம் பருவம், மூன்று இருந்தால் மூன்றாம் பருவம்.

கடைசியாகச் சீட்டு. வழக்கு எண், இடம், தேதி, நேரம், உடலில் எந்த இடம், எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதிச் சீசாவுக்கு உள்ளேயே போட வேண்டும். பேனாவால் எழுதக் கூடாது, பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். அந்த இடத்தின் வெப்பம், புழுக்கூட்டத்தின் நடுவில் உள்ள வெப்பம், உடல் எத்தனை மணி நேரம் குளிர்பெட்டியில் இருந்தது என்பதையும் குறித்தாக வேண்டும். குளிர்பெட்டியில் புழுவின் கடிகாரம் மெதுவாகும். அதைக் குறிக்காவிட்டால் கணக்கு உதவாது.

பூச்சி எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அது சொல்வது, ‘குறைந்தது இத்தனை நாள்’ என்பதைத்தான். உடலைச் சாக்கில் கட்டியிருந்தாலும், புதைத்திருந்தாலும், கிணற்று நீருக்குள் மூழ்கியிருந்தாலும் ஈ வருவது தாமதமாகும். இரவில் பெரும்பாலும் முட்டையிடாது. பூச்சிமருந்து உடலில் இருந்தால் வளர்ச்சி மாறும். ஆனால் அந்தப் பூச்சிமருந்தையே சதை அழுகிப்போன பிறகு புழுவைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியும். ‘மருந்து குடித்துச் செத்தார்’ என்று முடிக்கப்படும் வழக்குகளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய அறிவு, புதிய அறிவு

இது நேற்று வந்த வித்தை இல்லை. சீனாவில் சோங் சி என்னும் நீதி அதிகாரி 1247இல் எழுதிய நூலில் ஒரு கொலை வழக்கு வருகிறது. ஊரில் உள்ள எல்லாரும் தங்கள் அரிவாளைக் கொண்டுவந்து வெயிலில் வைக்கும்படி உத்தரவாகிறது. கழுவித் துடைத்த ஓர் அரிவாளில் மட்டும் ஈ மொய்க்கிறது. அதன் சொந்தக்காரன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்.

1935 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தில் மொஃபட் என்னும் ஊருக்கு அருகே ஓடைப் பள்ளத்தில் இரண்டு பெண்களின் உடல்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. புழுவை ஆராய்ந்தவர், வயது 12 முதல் 14 நாள் என்றார். பம்பாயில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்த மருத்துவர் பக் ரக்ஸ்டன், தன் மனைவியையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். அவருக்கு எதிரான பல சான்றுகளில் இந்தப் புழுக்கணக்கும் ஒன்று. அந்தப் புழுக்களை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்னமும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பதப்படுத்திய மாதிரி தொண்ணூறு ஆண்டு நிற்கும். மேல்முறையீடு எத்தனை வருடம் இழுத்தாலும் கவலை இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அன்றைய இயக்குநர் பேராசிரியர் பி. சந்திரசேகரன் சிதறிய துணித் துண்டுகளையும் உடல் பாகங்களையும் ஆராய்ந்து, ஒரு பெண் உடலில் கட்டியிருந்த பெல்ட் வெடிகுண்டு அது என்று சொன்னார். 1849இல் சென்னையில் தொடங்கிய வேதிப் பரிசோதனைக் கூடத்தின் வழிவந்த துறை அது. நம்மிடம் அறிவு இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது. தலைவர்கள் சாகும்போது துணித் துண்டைப் பொறுக்கும் அறிவியல், காலனிப் பிள்ளை சாகும்போது புழுவைப் பொறுக்க வேண்டாமா?

கழுவுகிற கை யாருடையது?

அழுகிய உடல் கிடைத்தால் நடப்பது என்ன? தூக்குவதற்குக் காவலர் கை நீளாது. தூய்மைப் பணியாளரையோ, ஊரில் வெட்டியான் வேலை பார்ப்பவரையோ கூப்பிடுவார்கள். பிணவறையில் உடலைக் கழுவி, திறந்து, தைத்துக் கொடுப்பவரும் அநேகமாக நம் ஆள்தான். பரிசோதனை மேசைக்கு வருமுன், “கழுவிவிடு” என்று ஓர் உத்தரவு. குழாய்த் தண்ணீரில் புழு சாக்கடைக்குப் போகிறது. நம் பிள்ளையின் கடைசிச் சாட்சியை நம் கையாலேயே, நமக்குத் தெரியாமலேயே, கழுவிவிட வைக்கிறார்கள். அந்தத் தொழிலாளி மீது குற்றம் இல்லை. அதன் மதிப்பை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

எந்தப் புழு எத்தனை நாளில் வரும், வெயில் காலத்தில் எப்படி, மழைக் காலத்தில் எப்படி என்று பிணவறையில் இருபது வருடம் நின்றவருக்குத் தெரிந்த அளவு புத்தகம் படித்தவருக்குத் தெரியாது. ஆனால் அவர் அறிந்தது ‘அசிங்கம்’, மற்றவர் அறிந்தது ‘அறிவியல்’. சாதி செய்கிற வேலை இதுதான்.

இதை மாற்ற முடியும் என்பதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வடநெம்மேலியில், 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்பு பிடிக்கும் இருளரின் அறிவை அரசு அங்கீகரித்து, உரிமம் கொடுத்தது. அவர்கள் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிணவறைத் தொழிலாளியின் அறிவுக்கு மட்டும் ஏன் சான்றிதழும் ஊதியமும் இல்லை?

சட்டத்தில் ஓர் ஓட்டை

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை முழுமையாகச் செயல்படுத்த ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நம் பிள்ளைகளின் சாவு முதலில் எப்படிப் பதிவாகிறது? ‘சந்தேக மரணம்’ என்று 194ஆவது பிரிவில். அதில் குற்றம் என்றே இன்னும் எழுதவில்லை. ஆகவே நிபுணர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கொலை என்று வழக்கு மாறுவதற்குள் உடல் கழுவப்பட்டு, அடக்கமும் ஆகியிருக்கும்.

இந்தப் பதிவைப் பொறுத்தே மற்றதெல்லாம் நடக்கிறது. வன்கொடுமை வழக்கு என்றால் டி.எஸ்.பி. அளவிலான அதிகாரி விசாரிக்க வேண்டும், 60 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். கொலை என்றால் நிவாரணம் உண்டு, அதில் பாதி உடற்கூராய்வு முடிந்ததும் தர வேண்டும். ‘சந்தேக மரணம்’ என்றே வைத்து மூடிவிட்டால் இவற்றில் எதுவும் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

அழுகிய உடல் எதுவாக இருந்தாலும், எந்தப் பிரிவில் பதிவானாலும், பூச்சி மாதிரி எடுக்காமல் கழுவக் கூடாது என்று அரசு ஓர் ஆணை போட வேண்டும். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை உட்பட, உடற்கூராய்வு நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், மாவட்ட நடமாடும் தடய அறிவியல் ஆய்வகத்திலும் சீசா, எத்தனால், வெப்பமானி, சீட்டு, பென்சில் அடங்கிய பெட்டி ஒன்று இருக்க வேண்டும். பிணவறைத் தொழிலாளருக்குப் பயிற்சி, சான்றிதழ், கையுறை முதல் முகக்கவசம் வரை பாதுகாப்பு, அதற்குரிய ஊதியம் வேண்டும். மாதிரி எடுத்தவர் என்று அவர் பெயரும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. 194ஆவது பிரிவின்படி பிரேத விசாரணையை அக்கம்பக்கத்தார் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில்தான் நடத்த வேண்டும். அறிக்கை 24 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். அந்த இருவரில் நம்மவர் ஒருவர் இருக்கட்டும். “ஈ, புழு, கூடு எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் எடுக்கவில்லை என்று எழுதுங்கள்” என்று கேளுங்கள். நீங்களே தொடவோ எடுக்கவோ வேண்டாம். அது தடயத்தைக் கெடுக்கும், உங்கள் மீதே வழக்காகத் திரும்பவும் கூடும். எழுத வைத்தால் போதும். எழுதிய வரியை நீதிமன்றத்தில் யாரும் கழுவ முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விலங்கியல் படித்தால் வேலை இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். ஈயையும் வண்டையும் இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் மிகக் குறைவு. நீதிமன்றம் நிபுணர் கருத்தைச் சாட்சியமாக ஏற்கும். அந்தக் கூண்டில் ஏறி, “இந்தப் புழுவுக்கு இத்தனை நாள் வயது, ஆகவே இவர் சொல்லும் தேதி பொய்” என்று சொல்லும் நிபுணர் நம் காலனியிலிருந்து ஒருவர் வரட்டும். தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தூக்கு, கழுவு, புதை என்று நமக்குச் சொன்னார்கள். இனி அந்தப் பிணம் சொல்வதைப் படித்துச் சொல்லும் வேலையும் நம்முடையதாக இருக்கட்டும்.